செம்புள்ளியும் செவ்விய பார்வையும்

‘குறி’ என்னும் தமிழ்ச்சொல் பொருள்வளம் மிக்கது. அடையாளமும் குறியே, எய்பவன் நோக்கும் இலக்கும் குறியே. வாழ்வின் நோக்கத்தைக் ‘குறிக்கோள்’ என்று சொல்லும்போது நாம் வில்லாளியின் மொழியைத்தான் கடன் வாங்குகிறோம். புதிய ஏற்பாட்டின் மூல மொழியாகிய கிரேக்கத்திலும் இதை ஒத்த ஓர் உறவு உண்டு. அங்கே பாவத்தைச் சுட்டும் ‘ஹமார்த்தியா’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் குறி தவறுதல் என்பதாகும். அம்பு தவறியதைச் சொல்லப் பிறந்த சொல், மனிதன் தவறியதைச் சொல்லவும் பயன்பட்டது. குறி பார்த்தலுக்கும் அறத்துக்கும் உள்ள இந்தப் பழைய உறவை, நம் காலத்துச் சிறு கருவி ஒன்றை முன்வைத்துச் சிந்திப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை. 1791-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் அதற்கு அடிப்படை. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வெளியே ஏந்திச் செல்வதற்கும் அவ்வுரிமை உண்டு என்று 2022-இல் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கே ஆசிரியரும் கடைக்காரரும் ஓய்வுபெற்ற முதியவரும் தம் வீட்டுக் கைத்துப்பாக்கியைப் பற்றி, நாம் வீட்டுக்கு வாங்கும் மின்விசிறியைப் பற்றிப் பேசுவதுபோல இயல்பாகப் பேசிக்கொள்கிறார்கள். நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் இன்று அந்நாட்டில் குடியேறி வாழ்கிறார்கள். அவர்கள் முன்னும் இந்தத் தெரிவுகள் வந்து நிற்கின்றன.

அத்தகைய பேச்சில் அடிக்கடி எழும் ஒரு கேள்வி: ‘என் கைத்துப்பாக்கியில் செம்புள்ளிக் குறிகாட்டி ஒன்றைப் பொருத்த வேண்டும், குறைந்த செலவில் எப்படிப் பொருத்துவது?’ கேட்டவுடன் இது வெறும் வரவுசெலவுக் கணக்காகத் தோன்றும். இதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆயினும் ஒருவர் எதற்கு எவ்வளவு செலவிடுகிறார், எதில் சிக்கனம் பிடிக்கிறார் என்பது அவர் எதை மதிக்கிறார் என்பதற்குச் சான்று. உயிரோடு தொடர்புடைய கருவியில் அக்கணக்கு இன்னும் கூர்மையாகிறது.

முதலில் அக்கருவியை அறிந்துகொள்வோம். ‘ரெட் டாட் சைட்’ என்று அங்கே வழங்கும் இதன் மூலக் கருத்து 1900-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. அயர்லாந்தின் தப்ளின் நகரில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்ட் கிரப் என்பவரே அதற்கு உரிமைப்பதிவு பெற்றவர். விண்மீன்களைக் காண வில்லைகள் அமைத்த கைகளே துப்பாக்கிக்கும் பார்வை அமைத்தன. இரண்டாம் உலகப் போரில் வான்படை விமானங்கள் இத்தகைய குறிகாட்டிகளைப் பரவலாகக் கொண்டிருந்தன. 1962-இல் செந்நிற ஒளி உமிழும் சிறு மின்விளக்கு உருவாக்கப்பட்டது. 1975-இல் சுவீடன் நாட்டு ஏய்ம்பாயிண்ட் நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் செம்புள்ளிக் குறிகாட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990-களில் போட்டியாளர்கள் அதைக் கைத்துப்பாக்கியில் பொருத்திக்கொண்டார்கள். 2015-இல் குளாக் நிறுவனம், குறிகாட்டி பொருத்துவதற்கென்று மேற்புறம் குடையப்பட்ட கைத்துப்பாக்கிகளை விற்கத் தொடங்கியது. வல்லுநரின் கருவியாக இருந்தது இவ்வாறு இல்லத்தாரின் கருவியாயிற்று.

இதன் இயக்கம் எளியது. சற்றே வளைந்த சிறு கண்ணாடி ஒன்று சாளரம்போல் நிற்கும். அதன்மேல் செந்நிற ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு இருக்கும். சிறு மின்விளக்கின் ஒளி அதில் பட்டுச் சுடுபவரின் கண்ணை நோக்கித் திரும்பும். கண்ணாடியூடே பார்ப்பவருக்கு, தொலைவில் உள்ள இலக்கின்மேல் ஒரு செம்புள்ளி மிதப்பதுபோல் தோன்றும். ஆனால் உண்மையில் இலக்கின்மேல் எந்த ஒளியும் விழுவதில்லை. ‘லேசர்’ கருவியிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். எதிரே நிற்பவர் தம்மேல் ஒரு புள்ளி இருப்பதை அறியமாட்டார். அந்தப் புள்ளி சுடுபவரின் கண்ணுக்குள் மட்டுமே இருக்கிறது.

இதனால் விளையும் நன்மை உண்மையானது. பழைய முறையில் துப்பாக்கியின் பின்முனையில் ஒரு பிளவும் முன்முனையில் ஒரு சிறு கம்பமும் இருக்கும். பிளவு, கம்பம், இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். தச்சர் ஒரு கண்ணை மூடிப் பலகையின் நேரைப் பார்ப்பது போன்ற வேலை இது. ஆனால் மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவையே தெளிவாகக் காணும். ஆகவே முன்கம்பத்தைத் தெளிவாகப் பார். இலக்கு மங்கலாக இருந்தால் இருக்கட்டும் என்பதே பயிற்சியாளர் பலரும் காலங்காலமாகக் கற்பித்த பாடம். இப்பாடத்தை அறநோக்கில் சற்றே எண்ணிப் பாருங்கள். ஓர் உயிரைப் பற்றி முடிவெடுக்கும் நொடியில், தெளிவாகத் தெரிவது இரும்பு. மங்கலாகத் தெரிவது மனிதர்.

செம்புள்ளி இந்த நிலையை மாற்றுகிறது. புள்ளி தொலைவில் இருப்பதுபோல் தோன்றுவதால், கண் இலக்கையே தெளிவாகப் பார்க்கலாம். இரண்டு கண்களையும் திறந்துகொண்டு பார்க்கலாம். எதிரே நிற்பவரின் கையில் இருப்பது கத்தியா கைப்பேசியா, அவர் முன்னே வருகிறாரா பின்வாங்குகிறாரா என்பதைக் காண முடிகிறது. நாற்பது வயதைக் கடந்து, அருகில் உள்ளது மங்கத் தொடங்கியவர்களுக்கு இது இன்னும் பெரிய உதவி. இக்கருவியை வெறும் கொலைக்கருவியின் அணிகலன் என்று ஒதுக்கிவிட முடியாது. நன்றாகப் பயன்படுத்துபவருக்கு அது எதிரே நிற்கும் மனிதரைத் திரும்பக் காட்டுகிறது.

இன்னும் இரண்டு உண்மைகளை இக்கருவி தன்னை வாங்கியவருக்குச் சொல்கிறது. சிலர் வாங்கிய அன்றே, புள்ளி வட்டமாக இல்லை, சிதறிய பூப்போல் தெரிகிறது என்று குறைகூறுவார்கள். அதைக் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியால் படம்பிடித்துப் பார்த்தால் புள்ளி வட்டமாகவே இருப்பது பெரும்பாலும் தெரியவரும். குறை கண்ணாடியில் இல்லை. கருவிழி சீராக வளையாமையால் பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. அடுத்து, புதிதாகப் பயன்படுத்துபவர் புள்ளி ஓயாமல் ஆடுகிறது என்பார். புள்ளி ஆடவில்லை, அவர் கை நடுங்குகிறது. அந்த நடுக்கம் முன்பும் இருந்தது. அப்போது அது இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. கொத்தனாரின் ரசமட்டம் சுவரை நேராக்குவதில்லை. சுவர் சாய்ந்திருப்பதைச் சொல்கிறது. இக்கருவியும் அவ்வாறே கையைத் திருத்துவதில்லை. கையின் நிலையைக் காட்டுகிறது. திருத்துவது பயிற்சியின் வேலை.

இனிச் செலவுக்கு வருவோம். பெயர்பெற்ற குறிகாட்டிகள் ஏறக்குறைய 400 முதல் 600 டாலர் வரை விற்கின்றன. குறைந்த விலைக் கருவிகள் 100 முதல் 250 டாலருக்குள் கிடைக்கின்றன. துப்பாக்கியின் மேற்பகுதி முன்பே குடையப்பட்டிருந்தால் ஓர் இணைப்புத் தகடு போதும். இல்லையேல் பட்டறையில் கொடுத்துக் குடைய வேண்டும்; அதற்கு இன்னும் நூறு டாலருக்கு மேல் ஆகலாம். அதுவும் இயலாதவர் பின்குறியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு தாங்கியைப் பொருத்திக்கொள்கிறார். ஒவ்வொரு தடவை சுடும்போதும் துப்பாக்கியின் மேற்பகுதி மிகுந்த விசையுடன் பின்னோக்கிப் பாய்ந்து திரும்புகிறது. குறிகாட்டி அதன்மேல் அமர்ந்து அத்தனை அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். மலிவானவற்றுள் சில தாங்குகின்றன. சிலவற்றில் திருகாணி தளர்கிறது, விளக்கு அணைகிறது, புள்ளி தன் இடத்தைவிட்டு நகர்கிறது. ஆகவே திருகாணியைச் சொல்லப்பட்ட அளவுக்கு முறுக்கி, தளராதிருக்கப் பசையிட்டு, பின்னர் சுடுதளத்தில் பலமுறை சுட்டு, புள்ளி காட்டும் இடமும் தோட்டா சேரும் இடமும் ஒன்றாகும்வரை சரிசெய்ய வேண்டும். புள்ளி அணைந்தாலும் உதவும்படி, இரும்புக் குறிகளைக் கண்ணாடியூடே தெரியும் உயரத்தில் வைத்துக்கொள்வது நன்று.

சிக்கனம் ஒரு நற்பண்பு. வீண்செலவு செய்யாமல் வீட்டை நடத்துபவரை நாம் பாராட்டுகிறோம். மலிவான கருவியை வாங்குவதே குற்றம் என்று நாம் சொல்லவரவில்லை. ஏழைக்குத் தற்காப்பு உரிமை இல்லை, செல்வருக்கு மட்டுமே உண்டு என்று சொல்வது அறமாகாது. ஆனால் சிக்கனத்தில் இருவகை உண்டு. ஒருவர் தம் வசதியைக் குறைத்துக்கொண்டு மிச்சம் பிடிப்பது ஒருவகை. பிறருடைய பாதுகாப்பைக் குறைத்து மிச்சம் பிடிப்பது மற்றொருவகை. மலிவான நாற்காலி ஒடிந்தால் விழுபவர் அதை வாங்கியவர். துப்பாக்கியில் புள்ளி இடம்பெயர்ந்தால், தவறிய தோட்டா யாரிடம் போய்ச் சேரும் என்பதை வாங்கியவர் தீர்மானிக்க முடியாது.

இது கற்பனையான அச்சம் அன்று. நியூயார்க் நகரக் காவல்துறையினரின் துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் சுட்ட மோதல்களில் காவலர் சுட்ட தோட்டாக்களுள் ஏறக்குறைய 18 விழுக்காடே இலக்கைச் சேர்ந்தன என்று அது கண்டது. பயிற்சி பெற்றவர்களின் நிலை இது. 2012 ஆகஸ்டு 24 அன்று அதே நகரில், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால், கொலை செய்துவிட்டு வந்த ஒருவனைக் காவலர் இருவர் எதிர்கொண்டு சுட்டனர். அவன் இறந்தான். அவ்வழியே சென்ற 9 பேர் காவலரின் தோட்டாக்களாலும் அவற்றின் சிதறல்களாலும் காயமுற்றனர். அச்சம் மனிதரின் கையை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே, சுடுவதற்கு உரிமை உண்டென்று ஒருவர் சொன்னால், தவறாமல் சுடும் திறனைத் தேடிக்கொள்ளும் கடமையும் அவருக்கு உண்டு. அக்கடமையைச் செம்புள்ளி எளிதாக்கலாம். ஆனால் 300 டாலர் வைத்திருப்பவர் முழுத்தொகையையும் கண்ணாடிக்கே கொடுத்துவிட்டு, பயிற்சிக்கு ஒரு பெட்டித் தோட்டாவும் வாங்க இயலாமற்போனால், அவர் வாங்கியது திறன் அன்று. திறன் இருப்பதாக எண்ணிக்கொள்ளும் மயக்கம்.

இந்த மயக்கத்துக்கு இன்னும் ஆழமான வடிவம் ஒன்று உண்டு. நம் கேள்வியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. செம்புள்ளி இருட்டிலும் தெரியும். உண்மையில் இருட்டில்தான் அது மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் புள்ளிக்குப் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். பகலில் மனிதரைக் காட்டித்தந்த அதே கருவி, இரவில் புள்ளியை மட்டும் காட்டும். குறி தெளிவாக இருக்கிறது என்னும் உறுதி, ஆளை அறிந்துவிட்டேன் என்னும் உறுதியாக மாறிவிடுவது எளிது. இவை இரண்டும் வேறு வேறு. முன்னது கண்ணாடி தருவது. பின்னது எந்தக் கண்ணாடியாலும் தர இயலாதது.

2023 ஏப்ரலில் மிசூரி மாநிலத்துக் கான்சஸ் நகரில் நடந்ததை நினைவுகூர்வோம். தம்பியரை அழைத்துவரச் சென்ற 16 வயது மாணவன் ஒருவன், முகவரி மாறி, வேறொரு வீட்டின் அழைப்புமணியை அடித்தான். அவ்வீட்டில் இருந்த 84 வயது முதியவர் கதவுக்கு உள்ளிருந்தே அவனைச் சுட்டார். மாணவன் தலையிலும் கையிலும் காயமுற்று, உயிர் பிழைத்தான். அங்கே குறி தவறவில்லை. தோட்டா அவர் நோக்கிய இடத்துக்கே சென்றது. தவறியது அதற்கு முந்திய ஒன்று: நிற்பவன் யார் என்னும் அறிவு. உலகிலேயே விலையுயர்ந்த குறிகாட்டி அவர் கையில் இருந்திருந்தாலும் அத்தவற்றைத் தடுத்திருக்காது.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் தற்காப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பி விடை தருகிறார். ஒருவர் தம் உயிரைக் காக்க முயலும்போது தாக்கியவன் இறக்க நேரிடலாம். காப்பவரின் நோக்கம் காத்தலே. மற்றவனின் மரணம் அந்நோக்கத்துக்குப் புறம்பாக நிகழ்வது. ஆகவே அச்செயல் தகும். ஆனால் தேவைக்கு மிஞ்சிய வன்மையைப் பயன்படுத்தினால் அது தகாததாகிவிடும். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இக்கருத்தை ஏற்று, பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்றிக் கடமையாகவும் ஆகலாம் என்று கூறுகிறது. அளவு அறிதல் என்பதே இப்போதனையின் மையம். அளவு அறிய வேண்டுமானால் ஆபத்தை முதலில் அறிய வேண்டும். இருட்டில் நிற்கும் உருவத்துக்கு அளவு ஏது?

துப்பாக்கியை ஏந்துவதே நற்செய்திக்கு முரண் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுடைய சான்றை நாம் குறைத்து மதிக்கவில்லை. வாளை உறையில் போடச் சொன்ன ஆண்டவரின் சொல் அவர்கள் பக்கம் நிற்கிறது. ஆனால் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தவர், அம்முடிவோடு தம் அறக்கேள்விகளும் முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. அங்கேதான் அவை தொடங்குகின்றன. எதை முதலில் வாங்குவது என்பதே அவற்றுள் முதற்கேள்வி.

அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களின் சாவில் வெளியிலிருந்து வந்த பகைவன் என்று யாரும் இல்லை. சோர்வுற்ற ஒரு மனம் இருந்தது; எட்டும் இடத்தில் ஒரு துப்பாக்கி இருந்தது. வீட்டில் துயருற்ற இளைஞனோ விளையாடும் சிறுபிள்ளையோ இருக்கக்கூடும் என்று எண்ணும் தந்தை, குறிகாட்டிக்கு முன்பே பூட்டுள்ள இரும்புப் பெட்டியை வாங்குவார். அன்பின் ஒழுங்கே நற்பண்பு என்று புனித அகுஸ்தினார் விளக்கினார். அந்த ஒழுங்கு செபப்புத்தகத்தில் மட்டுமன்றி, கடைச் சீட்டிலும் தெரிய வேண்டும். பெட்டி முதலில்; பயிற்சி அடுத்து; ஆளை அடையாளம் காணும் கைவிளக்கு அதன்பின்; மிச்சம் இருந்தால் செம்புள்ளி. குறைந்த வருவாயுள்ளவருக்கு இவ்வரிசை இன்னும் இன்றியமையாதது. ஏனெனில் அவரால் எல்லாவற்றையும் ஒருங்கே வாங்க இயலாது. எதையாவது அவர் விட்டாக வேண்டும். விடத்தக்கது எது என்று தெரிந்து விடுவதே விவேகம்.

அமெரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சி தருவோர் பலரும் கற்பிக்கும் நான்கு விதிகள் உண்டு. ஜெஃப் கூப்பர் என்னும் முன்னாள் கடற்படைப் போர்வீரர் அவற்றைத் தொகுத்துப் பரப்பினார். இலக்கு எது என்பதையும், அதற்குப் பின்னால் இருப்பது எது என்பதையும் ஐயமற அறிந்துகொள் என்பது அவற்றுள் நான்காவது. சமயச் சார்பற்ற சுடுதளத்தில் சொல்லப்படும் இவ்விதி, எந்த மறையுரைக்கும் தகுதியான ஒன்று. நாவால் சுடுகிறவர்களும் எழுத்தால் சுடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் இது பொருந்தும். எதிரே நிற்பவர் யார், அவருக்குப் பின்னால் நிற்கும் மனைவி மக்கள் யார் என்று அறியாமல் நாம் விடுத்த சொற்கள் எத்தனை!

குறைந்த செலவில் குறியைத் தெளிவாக்குவது எப்படி என்பது நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு விடை உண்டு. கண்ணாடியும் தகடும் திருகாணியும் கிடைக்கும் இடங்களும் உண்டு. ஆனால் அவற்றையெல்லாம் வாங்குவதற்கு முன்னால், ஒரு காசும் செலவில்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது, முன்வாசல் விளக்கைப் போட்டு, உள்ளிருந்தபடியே உரத்த குரலில் ‘யாரது?’ என்று கேட்கலாம். வந்தவன் கள்வனாயின் ஓடிவிடக்கூடும். முகவரி மாறி வந்த பிள்ளையாயின் தன் பெயரைச் சொல்வான்.